திருவல்லிக்கேணியின் காத்திபுகள்

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1795ஆம் ஆண்டில் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில் பாரசீக மொழிக் கல்வெட்டொன்று உண்டு. அதனை யாத்தவர் ஆற்காட்டு நவாபின் பணியிலிருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் புலவர். அதிலுள்ள ஒரு தொடரின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 என்னும் ஆண்டு கிட்டும். ஒரு சமூகம் தன் காலக் குறிப்பைக் கண்ணுக்கும் கருத்துக்கும் ஒருசேர இன்பம் தரும் எழுத்தில் பதித்துவைத்த இடம் அது. அப்பள்ளிவாசலின் அண்மையிலேயே, அதே எழுத்துக் கலையை நாள்தோறும் செய்தித்தாளில் பயின்ற ஒரு சிறிய பணியகம் பின்னாளில் அமைந்தது. 'முஸல்மான்' உருது நாளிதழின் பணியகம்தான் அது.

இந்நாளில் வரைகலை வடிவமைப்பு எனக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் தொழிலைச் சமூகப் பணிக்குப் பயன்படுத்துவது பற்றிப் பலரும் பேசுகின்றனர். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வடிவமைப்பாளர்கள் தொண்டு நிறுவனங்களுக்குச் சுவரொட்டி வரைந்து தருவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மயிலாப்பூருக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள திருவல்லிக்கேணியில் இப்பணி கிதாபத் என்னும் பெயரில் நெடுங்காலமாக நடந்துவந்திருப்பதை நாம் மறந்துவிடலாகாது. அதைச் செய்பவர் காத்திப். எழுத்தின் அளவு, வரியின் சாய்வு, தலைப்பின் கனம், பத்தியின் அகலம் ஆகிய அனைத்தையும் முடிவு செய்பவர் அவர். நாளிதழில் மட்டுமன்றித் திருமண அழைப்பிதழ், மதரஸாவின் ஆண்டுவிழா அறிவிப்பு, கடையின் பெயர்ப்பலகை ஆகியவற்றிலும் ஊர் மக்களுக்கு அவருடைய கை தேவைப்பட்டது.

'முஸல்மான்' 1927ஆம் ஆண்டில் சையத் அஸ்மத்துல்லாஹ் அவர்களால் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. நிறுவனருக்குப் பின் சையத் ஃபஸ்லுல்லாஹ் இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். நான்கு பக்கங்கள், 75 காசு விலை, மாலையில் வெளியீடு. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் அச்சானதாகச் செய்திகள் கூறுகின்றன.

அதன் அன்றாட நடைமுறையைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். காலையில் ஆங்கிலச் செய்திகள் உருதுவில் பெயர்க்கப்படும். பின்னர் காத்திபுகள் பக்கத்துக்கொருவராக அமர்ந்து, கலம் என்னும் வெட்டிய முனையுடைய எழுதுகோலை மையில் தோய்த்து எழுதத் தொடங்குவர். ஒரு பக்கம் முடிய ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். அவர்களுள் பெண்களும் இருந்தனர் என்பதை நாம் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். எழுதி முடித்த தாளைப் படச்சுருளில் பிடித்து, அதிலிருந்து அச்சுத் தகடு செய்து, பொறியில் ஏற்றுவர். பிழை நேர்ந்தால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து எழுதவேண்டி வரும். ஒருவர் நோயுற்றால் மற்றவர் இரட்டை வேலை செய்வார். முதற் பக்கத்தின் ஒரு மூலை மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். கடைசி நேரத்தில் வரும் செய்திக்குரிய இடம் அது. கணிப்பொறியில் பத்தியை நீட்டவும் சுருக்கவும் பழகிவிட்ட நமக்கு, வரிகளைக் கண்ணாலேயே அளந்து, செய்தி முடியும் இடத்தை முன்கூட்டியே கணித்து எழுதிய அந்தத் திறன் எளிதில் விளங்குவதன்று.

இவ்வளவு இடர்ப்பட்டுக் கையால் எழுதுவானேன்? பழமைப் பற்று என்று இதற்கு விடை கூறுவோர் எழுத்தின் இயல்பை அறியாதவர்கள். உருது எழுதப்படும் நஸ்தலீக் வடிவம் பாரசீகத்தில் பதினான்காம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது. அதில் சொற்கள் வலப்புற மேற்பகுதியில் தொடங்கி இடப்புறம் கீழ்நோக்கிச் சரியும். ஓர் எழுத்து தன் அண்டையிலுள்ள எழுத்துக்கேற்பப் பல உருவங்கள் கொள்ளும். எழுத்தின் நீளமும் உயரமும் எழுதுகோலின் முனை இடும் புள்ளியைக் கொண்டு அளக்கப்படும். ஈய அச்செழுத்துகளோ ஒரே மட்டத்தில் நிற்கும் கட்டைகள். அவற்றில் இந்தச் சரிவை அடக்க முயன்றவர்கள் உண்டு; வாசகரின் கண் அதனை ஏற்கவில்லை. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1912இல் கல்கத்தாவில் தொடங்கிய 'அல்ஹிலால்' அச்செழுத்துகளாலேயே வெளிவந்தது எனினும், உருது இதழ்களில் பெரும்பாலானவை காத்திபையே நம்பி நின்றன. 1796இல் ஜெர்மானியரான அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு இவர்களுக்கு வாய்த்த பேறு. பிசுக்குள்ள மையால் எழுதியதைக் கல்லில் ஏற்றி, எழுதியவாறே படியெடுக்க அது வழி செய்தது.

உருது பேசாத நம்மவர்கள் இதனைப் பிறர் கதையெனக் கருதிவிட வேண்டா. தமிழ் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. ஆதலால் 1578லேயே கொல்லத்தில் தமிழ் நூலொன்று அச்செழுத்தில் வெளிவர முடிந்தது. ஆனால் நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியபோது, மொழி தமிழாக இருந்தும் எழுத்து இணைந்து செல்லும் இயல்பினதாகையால், அவர்களும் காத்திபையும் கல்லச்சையும் நாடினர். தமிழுக்கேயுரிய ஒலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டனர். அவற்றைத் தெளிவாக இடத் தெரிந்த கை அருகியபோது நூல்களும் அருகின. அரபுத் தமிழ் வழக்கொழிந்ததற்குப் பள்ளிக் கல்வியின் மாற்றத்தையே அறிஞர்கள் பெரிதும் காரணமாகக் காட்டுவர். எழுதுவோர் அற்றுப்போனதையும் அதனுடன் சேர்த்தெண்ண வேண்டும் என்பது நம் கருத்து.

உருதுவுக்கு 1981இல் திருப்பம் வந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த மிர்ஸா அஹ்மத் ஜமீல், மோனோடைப் நிறுவனத்தோடு இணைந்து 'நூரி நஸ்தலீக்' என்னும் கணிப்பொறி எழுத்துருவை உருவாக்கினார். இணைந்த எழுத்துருக்கள் ஏறத்தாழ 20,000 அதற்குத் தேவைப்பட்டன. அவற்றை அவர் தம் கையாலேயே எழுதினார். லாகூர் 'ஜங்' நாளிதழ் அதனைக் கைக்கொண்டது. 1990களில் 'இன்பேஜ்' மென்பொருள் பரவிய பின்னர் துணைக்கண்டம் முழுவதும் காத்திபுகள் வேலையிழந்தனர். ஒரு காத்திபின் கையெழுத்தே ஆயிரக்கணக்கான காத்திபுகளை வீட்டுக்கு அனுப்பியது எனலாம்.

'முஸல்மான்' அப்போதும் மாறவில்லை. 2007இல் அமெரிக்காவின் 'வயர்ட்' இதழ் இதனைப் பற்றி எழுதியதிலிருந்து உலகச் செய்தியாளர்கள் அச்சிறு அறையைத் தேடி வரலாயினர். உலகில் கையால் எழுதப்படும் கடைசி நாளிதழ் என்னும் வியப்பே அவர்களுடைய எழுத்துகளில் மேலோங்கி நின்றது. அதே கட்டுரையில் இடம்பெற்ற மற்றொரு செய்தியைப் பலரும் கவனிக்கவில்லை: ஒரு பக்கத்துக்குக் காத்திப் பெற்ற ஊதியம் 60 ரூபாய். மூன்று மணி நேர நுண்பணிக்கு அதுவே கூலி. 75 காசுக்கு விற்கும் தாளால் அதற்கு மேல் தர இயலாது. விலையை உயர்த்தினால் எளிய வாசகர் வாங்க மாட்டார். ஏழை வாசகனுக்கு மலிவாகக் கிடைத்த அழகிய பக்கத்தின் விலையில் ஒரு பகுதியைக் காத்திபே தம் உழைப்பால் செலுத்திவந்தார். தொண்டு என்னும் சொல்லை இங்கே நாம் சற்று எச்சரிக்கையுடனேயே ஆளவேண்டும்.

சையத் ஃபஸ்லுல்லாஹ் 2008இல் மறைந்தார். தம் மக்கள் இக்கலையில் நாட்டம் கொள்ளவில்லையே என்ற கவலை அவருக்கு இருந்தது. ஆயினும் அவருடைய மகன் சையத் ஆரிஃபுல்லாஹ் பொறுப்பேற்றுக் கையெழுத்து முறையையே தொடர்ந்தார். காத்திபுகளுக்கு அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும் என்பதோ வேறு வினா. தேசிய உருது மொழி மேம்பாட்டு மன்றம் நாட்டின் பல ஊர்களில் எழுத்தணிக் கலையையும் வரைகலை வடிவமைப்பையும் ஒரே பாடத்திட்டமாக்கிப் பயிற்சி மையங்களுக்கு உதவி வருகிறது. அங்கு பயில்பவர் கலத்தையும் கணிப்பொறியையும் ஒருங்கே கற்கிறார். படிப்பை முடித்து வெளிவருபவருக்கு விளம்பர நிறுவனம் தரும் ஊதியத்தையும், திருவல்லிக்கேணியின் ஒரு நாளிதழ் பக்கத்துக்குத் தரக்கூடிய ஊதியத்தையும் அருகருகே வைத்து அவர் எண்ணிப் பார்க்கத்தான் செய்வார்.