31 என்றால் சிவப்பு

கீபோர்டின் இடது மேல் மூலையில் 'எஸ்கேப்' என்றொரு கீ சும்மா உட்கார்ந்திருக்கிறதே, எதற்காம்? எங்கேயாவது மாட்டிக்கொண்டால் தப்பிக்கத்தான் என்கிறீர்களா? அதன் பூர்வீகம் வேறு.

1960. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த பாப் பீமருக்குத் தீராத தலைவலி. எழுத்துகளுக்கு ஒவ்வொரு மெஷினும் தன் இஷ்டத்துக்கு நம்பர் வைத்திருந்தது. ஒன்று அனுப்புவது இன்னொன்றுக்குப் புரியாது. 'இனி வருவது வேறு பாஷை, உஷார்!' என்று சொல்ல ஒரு குறி இருந்தால்? ரயில் தண்டவாளம் மாறுகிற மாதிரி. அதுதான் எஸ்கேப். ஆஸ்கி பட்டியலில் அதற்கு நம்பர் 27.

அந்தத் தண்டவாளத்தில்தான் பிற்பாடு கலர் வந்து இறங்கியது. எழுத்துகளுக்கு முன்னால் எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, 31, சின்ன 'எம்' என்று அனுப்பினால் போதும். பின்னால் வருவதெல்லாம் சிவப்பு. 31 ஏன்? அடிப்படை 30. சிவப்புக்கு 1, பச்சைக்கு 2, நீலத்துக்கு 4. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், ஆக, 33. மூன்று விளக்குகள், எரியும் அல்லது அணையும். மொத்தமே எட்டு நிறம்தான். முடிந்ததும் 0 அனுப்பி நிறுத்த வேண்டும். மறந்தீர்களோ, மீதித் திரை பூராவும் சிவப்பு!

இந்தக் குறிகளைப் பிரபலமாக்கிய புண்ணியவான், 1978ல் டெக் கம்பெனி வெளியிட்ட விடி100 டெர்மினல். வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கலரே கிடையாது! அழுத்தமான எழுத்து, கண்சிமிட்டும் எழுத்து எல்லாம் வேண்டுமென்றால்கூடத் தனியாக ஒரு போர்டு வாங்கி மாட்ட வேண்டும். ஆனாலும் சக்கைப்போடு போட்டது. மற்ற கம்பெனிகள் காப்பியடித்தன.

1983ல் வந்த டாஸ் 2.0விலும் இதே வித்தை நுழைந்தது, கூடவே வில்லங்கமும். கலர் காட்டும் அதே ஆன்ஸி.சிஸ், கீகளின் வேலையையும் மாற்றிவிடும். விஷமிகள் விடுவார்களா? சாதாரண டெக்ஸ்ட் ஃபைலுக்குள் அந்தக் குறியை ஒளித்து வைத்தார்கள். நீங்கள் ஃபைலைத் திரையில் காட்டச் சொல்லிப் படிக்கிறீர்கள், அவ்வளவுதான். அப்புறம் ஏதோ ஒரு கீயைத் தட்டினால், ஃபைல்களை அழிக்கும் கட்டளை தானாக ஓடும். 'ஆன்ஸி பாம்' என்று பெயர்!

விண்டோஸ் என்.டி. வழி வந்த கருப்புத் திரைக்கோ இந்தப் பாஷையே தெரியாது. 2015ல் விண்டோஸ் 10 வந்த பிறகுதான் கற்றுக்கொண்டது. இன்றைக்குப் பைத்தானில் யாரோ ஒருவர் 'எரர்' என்று சிவப்பில் காட்டுகிறார். உள்ளே ஓடுவது அதே 27, அதே 31.