அச்சு ஊர் ஊராகப் போகும்

பரங்கிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு பொம்மைக் காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இரும்புக் கதையைத்தான் சொல்வேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து, 1830-ல் எங்கள் ஊரில் இரும்பாலை வைத்தார். தாது சேலத்து மலைகளில் இருந்து வந்தது. உலைக்கு விறகுக்கரி. இங்கே வார்த்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. கரியும் காசும் கட்டுப்படியாகாமல், 1853-ல் ஆலை வேறொரு கம்பெனியின் கைக்கு மாறியது. அந்தக் கம்பெனியும் நிலைக்கவில்லை. ஹீத்தோ அதற்கு முன்பே ஷெஃபீல்டில் எஃகு செய்ய இறங்கி, மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். மற்ற ஆலைக்காரர்கள் அவருக்குப் பணம் தராமலே அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இங்கே அவர் கண்டது நஷ்டம், அங்கே கண்டது கோர்ட்டு. 1851-ல் போய்ச் சேர்ந்தார்.

உலோகத்தை உருக்கி அச்சில் வார்ப்பதுதான் பொம்மைக் கார் தொழிலும். அதற்கு இரும்பு வேண்டாம், காட்டை அழித்துக் கரி சுடவும் வேண்டாம். துத்தநாகத்தோடு நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம் சேர்த்தால், அது 400 டிகிரிக்குள் உருகிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால், கதவு இடுக்கு முதல் கைப்பிடி வரை அப்படியே பதியும். லிவர்பூல் மெக்கானோ கம்பெனி 1934-ல் 'டிங்கி' என்று பெயர் வைத்து விற்றது இப்படி வார்த்த கார்களைத்தான். துத்தநாகத்தில் ஈயம் துளி கலந்தாலும் வார்ப்பு நாளடைவில் வெடித்து உதிரும். அந்தக் காலத்து டிங்கிகள் பல அப்படித்தான் போயின.

லண்டனில் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல், மகள் பள்ளிக்கு எடுத்துப்போக, தீப்பெட்டிக்குள் அடங்குகிற ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். பள்ளியில் அதைவிடப் பெரிய பொம்மைக்கு அனுமதி இல்லையாம். 'மேட்ச்பாக்ஸ்' பிறந்த கதை இது. 1968-ல் அமெரிக்காவின் மேட்டல், 16 கார்களோடு 'ஹாட் வீல்ஸ்' கொண்டுவந்தது. அவை உருட்டிவிட்டால் ஓடுகிற ஓட்டத்தில் மேட்ச்பாக்ஸ் ஆடிப்போனது. 1982-ல் லெஸ்னி திவாலாகி, அச்சுகள் ஹாங்காங் முதலாளி கைக்குப் போயின. 1997-ல் மேட்ச்பாக்ஸையே மேட்டல் வாங்கிவிட்டது.

நம் நாட்டில் அறுபதுகளில் இறக்குமதிக் கெடுபிடி. வெளிநாட்டுப் பொம்மை வருவது கஷ்டம், ஆனால் அச்சு வந்தது. 1960-களின் கடைசியில் டிங்கியின் பழைய அச்சுகள் கல்கத்தா வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வெளிவந்தன. ஜாகுவார் டி-டைப், இ-டைப் என்று பந்தயக் காரும் ஸ்போர்ட்ஸ் காரும் அதில் உண்டு. பெயிண்ட் கொஞ்சம் முரடு, வார்ப்பில் பிசிறு தெரியும். லிவர்பூல் தேய்த்துவிட்டு அனுப்பிய அச்சில் வேறென்ன வரும்? இன்றைக்கு அந்த முரட்டு நிக்கியைத் தேடி வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பொம்மைக் கார் கடைவழியாக வரவில்லை, கடல்கடந்து பிழைக்கப் போன சபுராளிகளின் பெட்டிவழியாக வந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடையில் நின்றவர்கள் கைலி, சென்ட், தைலம் இவற்றுக்கு நடுவில் ஒரு காரைச் செருகிக்கொண்டு வருவார்கள். என் மாமா 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் வந்து இறங்கியபோது கொடுத்த மேட்ச்பாக்ஸின் அடித்தகட்டில் 'இங்கிலாந்து' என்று இருந்தது. 1985-ல் அந்தக் கப்பல் தீப்பிடித்தது, பயணிகள் செத்தார்கள், கப்பல் சவாரியும் அதோடு முடிந்தது. பிறகு வந்த கார்களில் மக்காவ், சீனா, தாய்லாந்து. இப்போது என் மேசையில் கிடக்கும் ஹாட் வீல்ஸ் பலவற்றில் மலேசியா. மேட்டலின் ஆலை பினாங்கு மாநிலத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போன பினாங்கு!

எனக்குத் தொழில் கடலூரில் டிங்கரிங், பெயிண்டிங். என் மேஸ்திரி சோழவரம் பந்தயம் பார்த்தவர். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயம் அது. மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உள்ளே வெறுமையாக்கி, இன்ஜினைக் குடைந்து, கதவில் வெள்ளை வட்டம் போட்டு எண் எழுதி ஓட்டுவார்களாம். "வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நம்ம கிட்ட ஏதுடா காசு? இருக்கிறத அறுத்து ஒட்டினதுதான்டா நம்ம ஸ்போர்ட்ஸ் காரு" என்பார் மேஸ்திரி. பொம்மைக் காரில் நான் செய்வதும் அந்த அறுத்து ஒட்டுகிற வேலைதான்.

இப்போது முடித்திருப்பது டாட்சன் 240-இசட், அறுபத்துநாலில் ஒரு பங்கு. நீளம் ஆறரை சென்டிமீட்டர். அடியில் ரிவெட்டைத் துளைத்தால் தகடும் பாடியும் பிரியும். பாடியை பெயிண்ட் ரிமூவரில் போட்டால் பழைய பூச்சு சுருண்டு எழும்பி, கீழே சாம்பல் நிறத் துத்தநாகம் தெரியும். அச்சின் இரு பாதியும் சேர்ந்த கோட்டை ரம்பத்தால் அல்ல, ஊசி அரத்தால் ராவ வேண்டும். மட்கார்டை அகலமாக்கக் கொஞ்சம் பட்டி. பிறகு பிரைமர், எமரி, பெயிண்ட்.

இங்கேதான் பெரிய கார் அனுபவம் காலை வாரும். பெயிண்ட் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அறுபத்துநாலால் பெருக்கினால் நிஜக் காரில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல்! கதவு இடுக்கெல்லாம் மூடிக்கொள்ளும். மெட்டாலிக் பெயிண்டின் மினுக்குத் துகள் சரிகை ஒட்டியதுபோலத் தெரியும். ஆகவே தின்னரை அதிகமாகக் கலந்து, ஸ்பிரே துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து, மூச்சுவிட்டது மாதிரி பூச வேண்டும். கதவில் மட்டும் சோழவரத்து வெள்ளை வட்டம் வைத்தேன்.

படம் எடுப்பதும் இதே கணக்கு. நின்று பார்க்கும் ஆளின் கண் 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், பொம்மை உலகத்தில் அது இரண்டரை சென்டிமீட்டர். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் அந்த உயரத்துக்கு இறங்கும். எங்கள் ஊர் வெள்ளாற்றுக் கரை மணலில் காரை வைத்தால் படம் கெட்டது. அரை மில்லிமீட்டர் மணல் பொம்மைக் காருக்கு 32 மில்லிமீட்டர் ஜல்லி. ஆற்று வண்டலைக் காயவைத்து, துணியில் சலித்து, பலகையில் பரப்பிக்கொண்டு போகிறேன். பலகை விளிம்பை எதிர்க்கரையோடு பொருத்தினால் கார் கரையில் நிற்பது போலவே விழும். அமெரிக்காவில் மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் 24-ல் ஒரு பங்கு கார்களை நிஜத் தெருவுக்கு முன் மேசைபோட்டு நிறுத்தி, ஒரு கற்பனை ஊரையே படமெடுத்தார். கையிலிருந்தது சாதாரண கேமராதான். தண்ணீரை மட்டும் ஏமாற்ற முடியாது. துளியைச் சுருக்க எந்த அச்சும் கிடையாது, அதனால் மழைக்காட்சி பக்கம் நான் போவதே இல்லை.

இது வேலையற்ற வேலை என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு தொழில் நியாயம் தெரிகிறது. இன்றைக்குப் பட்டறைக்கு வரும் காருக்குப் பம்பர் பிளாஸ்டிக். நசுங்கினால் தட்டி எடுப்பதில்லை, கழற்றிப் புதிது மாட்டுகிறோம். ஹெரால்டையும் அம்பாசடரையும் ஓடவைத்த சுத்தியல் வேலையைக் கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்குக் கொடுக்கத் தகடே இல்லை. அவர்களிடம் முதலில் ஒரு மலேசியா ஹாட் வீல்ஸைக் கொடுத்து ரிவெட்டைத் துளைக்கச் சொல்கிறேன். பட்டி எவ்வளவு, எமரி எந்த நம்பர், பெயிண்ட் எத்தனை கோட் என்பதையெல்லாம் அது நூறு இருநூறு ரூபாயில் கற்றுக்கொடுத்துவிடுகிறது. தப்பாகப் போனால் வண்டிக்காரரிடம் திட்டு வாங்க வேண்டியதும் இல்லை.