ஹோண்டா ஆர்.சி.30

ஹோண்டா வி.எஃப்.ஆர்.750ஆர் என்பது ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் ஆகும். நிறுவனத்தின் குறியீட்டுப் பெயரான ஆர்.சி.30 என்பதே பரவலாக வழங்குகிறது. ஆர்.வி.எஃப்.750 என்னும் பந்தய வண்டியைத் தழுவி, முகப்பு விளக்கும் எண் பலகையும் பொருத்திச் சாலையில் ஓட்டத்தக்கதாக இது குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது.

பின்னணி

மோட்டார் சைக்கிள் பந்தயங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓடும் வண்டி விற்பனைக்கு வரவேண்டியதில்லை. மற்றொரு வகையில், கடையில் கிடைக்கும் வண்டியே பந்தய வண்டிக்கு அடிப்படையாக இருக்க வேண்டும். 1988 இல் தொடங்கிய சூப்பர்பைக் உலகப் போட்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு 750 சி.சி., இரண்டு சிலிண்டர் வண்டிகளுக்கு 1000 சி.சி. என வரம்பு இருந்தது. போட்டியில் இறங்கும் மாதிரியைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்கவும் வேண்டும். இதனால், பணபலம் மிக்க தொழிற்சாலை அணிகளிடம் உள்ள அதே மாதிரி வண்டியைத் தனி வீரரும் வாங்கிப் போட்டியிட முடிந்தது.

ஹோண்டா இந்த விதியை மறுமுனையிலிருந்து அணுகியது. சாலை வண்டியைப் பந்தயத்திற்குத் தயார் செய்யாமல், பந்தய வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தது. ஆர்.வி.எஃப்.750 அப்போதே புகழ் பெற்றிருந்தது. 1985, 1986 ஆகிய இரு ஆண்டுகளிலும் சுசூகா 8 மணி நேரப் பந்தயத்தில் அது வென்றிருந்தது.

அமைப்பு

ஆர்.சி.30 இன் எஞ்சின் 748 சி.சி. கொள்ளளவு உடையது. நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக, 90 பாகைக் கோணத்தில் 'வி' வடிவில் அமைந்தவை. வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளைச் சங்கிலிக்குப் பதிலாகப் பல்சக்கரங்கள் சுழற்றின. பிஸ்டனைக் கிராங்குத் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடுகள் டைட்டானியத்தால் ஆனவை. எடை குறைந்த இவ்வுலோகம் எஞ்சின் விரைவாகச் சுழல உதவியது.

பின்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டுமே தாங்கும் ஒற்றைக் கை அமைப்பு இவ்வண்டியின் தனி அடையாளம். இது வெறும் அழகுக்காக வந்ததன்று. பல மணி நேரம் நீளும் பந்தயங்களில் சக்கரத்தை விரைவாகக் கழற்றி மாட்டுவதற்காக உருவானது. முதல் கியரிலேயே மணிக்கு 130 கி.மீ. அளவுக்குச் செல்லும்படி அமைந்திருந்ததால், நகர நெரிசலில் ஓட்டுவது கடினமாக இருந்தது.

ஜப்பானில் இதன் விலை 14,80,000 யென். அன்றைய சாதாரண 750 சி.சி. வண்டிகளின் விலையைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு.

பந்தய வெற்றிகள்

அமெரிக்க வீரர் ஃபிரெட் மெர்க்கெல் 1988, 1989 ஆகிய முதல் இரண்டு சூப்பர்பைக் உலகப் பட்டங்களையும் ஆர்.சி.30 இல் வென்றார். அதே இரு ஆண்டுகளில் இங்கிலாந்தின் கார்ல் ஃபோகார்ட்டி டி.டி. ஃபார்முலா 1 உலகப் பட்டங்களைப் பெற்றார். 1989 இல் ஸ்டீவ் ஹிஸ்லாப், ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுள்ள மான் தீவுச் சாலைச் சுற்றை மணிக்கு 120 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் முதன்முதலாகக் கடந்தார். அவர் ஓட்டியதும் ஆர்.சி.30 தான்.

மதிப்பீடு

விதியின் எழுத்தை ஹோண்டா மீறவில்லை. ஆனால் மக்கள் அன்றாடம் ஓட்டும் வண்டியே பந்தயத்திலும் ஓடட்டும் என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது. யமஹா 1989 இல் எஃப்.இசட்.ஆர்.750ஆர் வண்டியை இதே வழியில் வெளியிட்டது. பந்தயத்திற்காகவே சிறிதளவு தயாரித்து, உயர்ந்த விலைக்கு விற்கும் வண்டிகள் பெருகின.

மறுபுறம், அந்த விலையைக் கொடுக்க முடிந்த தனி வீரருக்கு உண்மையான பந்தயத் தொழில்நுட்பம் கையில் கிடைத்தது. பல நாடுகளின் பந்தயங்களில் சிறிய அணிகள் ஆர்.சி.30 ஐ ஓட்டின. சமவாய்ப்புக்கென எழுதிய விதி விலையை உயர்த்தியது. ஆயினும் தொழிற்சாலைக்குள் பூட்டப்பட்டிருந்த நுட்பத்தை வெளியே கொண்டுவந்ததும் அதே விதிதான்.

1994 இல் ஆர்.சி.45 இதன் இடத்திற்கு வந்தது. 2003 முதல் நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கும் 1000 சி.சி. வரை இசைவு கிடைத்தது. அதன்பின், பெருமளவில் விற்பனையான 1000 சி.சி. வண்டிகளே சூப்பர்பைக் பந்தயத்திற்குப் பெரும்பாலும் அடிப்படையாயின.