முனகலும் இரைச்சலும்: வீட்டுக்குள் இரண்டு சோலார் இன்வர்ட்டர்கள்

"சோலார் இன்வர்ட்டர் ராத்திரி தூங்க விடவில்லை" என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சொன்னால், இருவரும் ஒரே சத்தத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் வீட்டில் இருப்பது தரையில், டியூபுலர் பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கனமான ஆஃப்-கிரிட் இன்வர்ட்டர். 2012 மின்வெட்டுக் காலத்தில் நமக்குப் பழகிப்போன, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரகம். மற்றவர் வீட்டில் இருப்பது சுவரில் மாட்டி, லித்தியம் பேட்டரியோடு சேர்த்த, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஹைப்ரிட். முன்னது முனகும், பின்னது இரையும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பலிப்பதில்லை.

முனகலுக்குக் காரணம் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அவை இரண்டு முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகின்றன. அதனால் பிறப்பது 100 ஹெர்ட்ஸ் ஒலி, கூடவே 200, 300 என்று அதன் மடங்குகள். போன கரண்ட் திரும்பி வந்து பேட்டரி வேகமாக சார்ஜ் ஆகும்போது இது உரக்கக் கேட்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் மூன்றரை மீட்டர். ஓரங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. மேலும் அது காற்றை மட்டும் நம்பிப் பயணிப்பதில்லை, இன்வர்ட்டரின் கால் வழியே தரைக்கும் சுவருக்கும் இறங்கிவிடும். அடுத்த அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரிந்தால் வழி அதுதான்.

அப்படியானால் அடியில் கெட்டியான ரப்பர் பேட், அதன்மேல் கடப்பா கல், கல்லின்மேல் இன்வர்ட்டர் என்று அடுக்கி, சுவரைத் தொடாமல் நாலு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும். வெளித் தகட்டை விரலால் அழுத்தும்போது சத்தம் மாறினால், தளர்ந்த திருகு ஒன்று கூடவே பாடுகிறது என்று பொருள். முடுக்கினால் போதும். பதினொன்றரை அடி நீள அறையில் இன்னொரு வினோதம் உண்டு. அந்த நீளத்தில் 100 ஹெர்ட்ஸ் அலை சரியாகப் பொருந்தி நிற்பதால், இரு கோடிச் சுவர்களின் ஓரத்திலும் அறை நடுவிலும் முனகல் வலுக்கும், சுவரிலிருந்து மூன்றடி தள்ளினால் தணியும். நாமோ கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டித்தான் போடுகிறோம்.

ஹைப்ரிட்டின் கதை வெப்பத்தில் தொடங்குகிறது. அதன் சர்க்யூட் இயங்குவது பல ஆயிரம் ஹெர்ட்ஸில். அந்தக் கீச்சொலி பெரும்பாலான பெரியவர்களின் காதுக்கு எட்டாது, பிள்ளைகளுக்குச் சில சமயம் கேட்கலாம். காதை உறுத்துவது மின்விசிறிதான். 5 கிலோவாட் சுமையை 93 விழுக்காடு திறனில் ஓட்டினால் ஏறக்குறைய 375 வாட் வெப்பமாகிறது. அதை வெளியேற்றவே விசிறி சுழல்கிறது. அதன் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். எனவே இங்கே சத்தத்தைக் குறைப்பதென்றால் சூட்டைக் குறைப்பதுதான். தூசி வடிகட்டியைச் சுத்தம் செய்வது, சுற்றிலும் ஓரடி இடம் விடுவது, மாலைவரை வெயில் குடிக்கும் மேற்குச் சுவரைத் தவிர்ப்பது, இரவில் கிரிட் மூலம் சார்ஜ் ஆவதை செட்டிங்கில் நிறுத்துவது அல்லது ஆம்பியரைப் பாதியாக்குவது. இந்தக் கடைசி வழிக்குக் காசே வேண்டாம், அது முனகும் இன்வர்ட்டருக்கும் உதவும்.

ஆனால் இருவரும் முதலில் தேடிப்போவது ஆசாரியைத்தான். பிளைவுட் பெட்டி செய்து உள்ளே தெர்மக்கோல் ஒட்டுகிறார்கள். இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பெட்டிக்குள் ஹைப்ரிட் மூச்சு முட்டும், விசிறி இன்னும் வேகமெடுக்கும், அதன் ஆயுள் குறையும். டியூபுலர் பேட்டரியையும் சேர்த்து மூடினால் சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஹைட்ரஜன் உள்ளேயே தேங்கும். ஒரு பொறி போதும்.

கடையில் விவர அட்டையின் டெசிபலை வைத்து இரண்டையும் ஒப்பிடுவதும் ஏமாற்றும். அட்டையில் வழக்கமாக இருப்பது டெசிபல்-ஏ அளவு. 100 ஹெர்ட்ஸ் ஒலியை அது சுமார் 19 டெசிபல் குறைத்தே கணக்கிடும். ஆகவே முனகும் இன்வர்ட்டர் எண்ணில் சாதுவாகத் தெரியும். கதவைச் சாத்தினால் விசிறி இரைச்சல் பெருமளவு அடங்கும், முனகல் அடங்காது.

படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இடம் என்றால் நான் ஹைப்ரிட்டையே தேர்ந்தெடுப்பேன். போர் மோட்டாரையும் இன்வர்ட்டரில் ஓட்டியாக வேண்டிய வீடுகளுக்கு மட்டும், தொடக்க இழுப்பைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் ரகம் பொருத்தம். அதைப் படுக்கையறையிலிருந்து தள்ளி, மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமாக வைக்கலாம். எதுவானாலும் இடத்தைப் பேட்டரியோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 கிலோவாட் எடுக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தக் கேபிள் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும் என்பதால், பின்னால் இன்வர்ட்டரை மட்டும் தள்ளி மாட்ட முடியாது.