கிண்டியில் பிறந்த படம்

மதுரையிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே போனால் நாகமலை கூடவே வரும். பாண்டியன் மேல் ஏவிவிடப்பட்ட பாம்பு அம்பு பட்டு மலையாய்க் கிடக்கிறது என்பது திருவிளையாடல் கதை. அந்த மலையோரத்தில்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பல்கலை நகர் இருக்கிறது. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. அங்கே மூலக்கூற்று உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கை எல்லாம் மைக்ரோபிப்பெட்டில் பழகியிருக்கும். டிஎன்ஏ பிரித்தாயிற்றா, பிசிஆர் வைத்தாயிற்றா, ஜெல்லில் பட்டை தெரிகிறதா என்பதே பேச்சாக இருக்கும். அவர்களைக் கணினி முன் உட்காரவைத்து உயிர்த்தகவலியல் சொல்லிக்கொடுக்கும்போது, ஏதோ ஒரு வகுப்பில் திரையில் ஒரு சதுரம் வரும். சிவப்புத் திட்டுகள், அவற்றைச் சுற்றி மஞ்சள், அதற்கு வெளியே வெளிர்மஞ்சள், மிச்சமெல்லாம் வெள்ளை. நடுநடுவே கரும்புள்ளிகள். மேலே ‘ராமச்சந்திரன் பிளாட்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும்.

மாணவர்கள் அதைப் பார்க்கும் விதம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் தருவது. வெளிநாட்டு மென்பொருள் துப்பிய அறிக்கையில் நாலாவது பக்கம். சிவப்பில் 90 சதவீதம் வந்துவிட்டதா, சரி, அடுத்த பக்கம். இந்தப் படம் பிறந்த இடத்துக்கு மதுரையிலிருந்து ஒரே ரயிலில் ஏறிப் போய்விடலாம் என்பது பலர் நினைவில் வராது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது ஜி.என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. பெங்களூரில் சி.வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பியவர். கிண்டியில் ஆய்வகம் அமைத்தார். எதை ஆராய்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது, சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி. பெர்னல் கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிப் போனார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் கட்டிவைத்திருக்கும் புரதம் அது. பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநார் கிடைத்தது. ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் கிண்டியில் எக்ஸ் கதிர் முன்னால் வந்து நின்றதைத் தனிக் கதையாகவே எழுதலாம். அதை வைத்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 55இல் கொலாஜனின் முச்சுருள் வடிவத்தை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

பாராட்டோடு அடியும் விழுந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, இயற்கை அவ்வளவு நெருக்கத்தை விடாது என்றார்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான கிரிக் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியுமா? ராமச்சந்திரன் திருப்பிக் கேட்ட கேள்விதான் இந்தப் படத்தின் வித்து. எவ்வளவு நெருக்கம் வரை சரி? அதை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

யாரும் முழுதாக அளந்து வைத்திருக்கவில்லை. அதனால் சென்னையில் அளந்தார்கள். வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரும் அவருடைய மாணவர்கள். அதுவரை படிகமாக்கி ஆராயப்பட்ட சிறு மூலக்கூறுகளின் கட்டுரைகளை எல்லாம் புரட்டி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு கிட்டே வந்திருக்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். கார்பனும் கார்பனும் வழக்கமாக 3.2 ஆங்ஸ்ட்ராம், மிஞ்சிப் போனால் 3.0. ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசி எல்லை 1.9. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள்: தாராளமாக இருக்கலாம் என்பது ஒன்று, இதற்கு மேல் நெருங்கவே கூடாது என்பது இன்னொன்று.

பட்டியல் கைக்கு வந்ததும் கேள்வி கொலாஜனைத் தாண்டிப் போயிற்று. புரதம் என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. திருவிழாக் கடையில் விற்கும் மரப்பாம்பைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துண்டும் விறைப்பு, வளைவதெல்லாம் மூட்டில்தான். புரதமும் அப்படி. ஒரு அமினோ அமிலத்தை அடுத்ததோடு இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையாக, விறைப்பாக நிற்கும், திருகாது. திருப்பம் எல்லாம் ஆல்ஃபா கார்பன் என்னும் மூட்டில். மரப்பாம்பின் மூட்டு ஒரே வகையில் பக்கவாட்டில் ஆடும். இந்த மூட்டிலோ இரண்டு திருகல்கள். ஒன்றுக்கு ஃபை, இன்னொன்றுக்கு சை என்று கிரேக்க எழுத்துகளால் பெயர். ஒரு புரதத்தின் ஒவ்வொரு மூட்டிலும் இந்த இரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் அதன் முதுகெலும்பு எப்படி வளைந்து கிடக்கிறது என்பதைச் சொன்ன மாதிரி.

ஃபையை ஒரு பக்கமும் சையை இன்னொரு பக்கமும் வைத்துச் சதுரம் போட்டார்கள். ஒவ்வொரு கோண ஜோடியிலும் சங்கிலியைத் திருகிவைத்து, எந்த அணுவாவது எதன் மேலாவது முட்டுகிறதா என்று கணக்குப் பார்த்தார்கள். முட்டினால் அந்த இடத்தை அடித்துவிட வேண்டியது. கணினி கிடையாது. மேசைக் கணக்கு எந்திரமும் காகிதமும்தான். அடித்து அடித்து மிஞ்சிய இடம் சதுரத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை, இரண்டு மூன்று தீவுகள். 1963இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி’ 7ஆம் தொகுதியில், 95ஆம் பக்கத்திலிருந்து ஐந்தே பக்கத்தில் அது வெளிவந்தது.

அப்போது உலகத்தின் கையில் அணு அணுவாகத் தெரிந்த புரத அமைப்பு ஒன்றிரண்டுதான். மயோகுளோபினை ஜான் கெண்ட்ரூ 1960இல் நுணுக்கமாகக் காட்டியிருந்தார். ஆக, புரதங்களைப் பார்த்து வரைந்த படம் அல்ல இது. பார்க்காமலே, எங்கே இருக்க முடியாது என்று சொன்ன படம். பிறகு ஒவ்வொன்றாகத் தீர்வான புரதங்கள் தங்கள் புள்ளிகளைக் கொண்டுவந்து அந்தத் தீவுகளிலேயே போட்டன.

கப்பலிலும் விமானத்திலும் இதழாகப் போன படம் வெளியூரில் வேறு உருவம் எடுத்தது. கோணத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருந்தது. 1970இல் அனைத்துலக விதி ஒன்று வந்து தொடக்கப் புள்ளியை 180 பாகை நகர்த்தியது. வீடு அதே வீடு, வாசல் மாத்திரம் வேறு தெருவுக்குத் திரும்பிவிட்டது. 1963 கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டு, பாடநூல் படத்தோடு பொருந்தவில்லையே என்று குழம்பும் மாணவருக்கு இதை யாராவது முதலில் சொல்ல வேண்டும். 1971இல் அமெரிக்காவில் புரூக்ஹேவனில் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழு அமைப்புகள். அதே காலத்தில் ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூர் போய், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1993இல் லண்டனில் ரோமன் லஸ்கோவ்ஸ்கி, ஜேனட் தார்ன்டன் முதலானோர் புரத அமைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ‘புரோசெக்’ என்ற நிரலை எழுதினார்கள். அதுவரை தீர்வான அமைப்புகளை எடுத்து, புள்ளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று பார்த்துத் தீவுகளுக்கு நிறம் பூசினார்கள். மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் அந்த 90 சதவீதம், நன்றாகத் தீர்வான 118 அமைப்புகளை வைத்து அங்கிருந்து வந்தது. கிண்டியில் ‘கூடாது’ என்று அடித்து வரைந்த படம் லண்டனில் ‘இங்கேதான் கூட்டம்’ என்று எண்ணி வரைந்த படமாயிற்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றேயாக இருப்பதை நான் இன்னும் வியந்து முடிக்கவில்லை.

மதுரைக்கு இது எப்படி வந்தது? 1986இல் மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை உருவானது. உடனே நாடெங்கும் உயிரியல் தகவல் மையங்களை வலையாக இணைக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்டர்நெட் என்ற சொல்லே நம் தெருக்களுக்கு வராத காலம் அது. தரவு வங்கிகள் காந்த நாடாவிலும் பிறகு குறுந்தகட்டிலும் தபாலில் பயணம் செய்தன. அந்த வலையின் முதல் மையங்களில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அதற்குத் தரப்பட்ட துறை மரபணுப் பொறியியல். நூலக வேலையாகத் தொடங்கியது பாடமாக வளர்ந்தது. ஓராண்டு உயர்பட்டயப் படிப்பு நடத்திய ஒருசில இந்தியப் பல்கலைக்கழகங்களில் மதுரையும் இருந்தது. அந்த மையத்தில் நீண்ட காலம் பணியாற்றிய பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமியின் குழு, டைஃபாய்டு கிருமியின் வெளிச்சவ்விலுள்ள போரின் புரதத்தைப் படிகமாக்கி அமைப்பைக் கண்டது. போரின் என்பது பதினாறு பட்டைகள் நின்று வட்டமாய்ச் சேர்ந்த பீப்பாய்; கிருமிக்குள் சின்ன மூலக்கூறுகள் நுழையும் வாசல். அந்த மாதிரி ஒரு பீப்பாயின் கோணங்களைச் சதுரத்தில் போட்டால், புள்ளிகள் இடப்பக்க மேல் தீவில் மொய்த்துக் கிடக்கும். சுருள்கள் நிறைந்த மயோகுளோபினைப் போட்டால் கூட்டம் அதற்குக் கீழே இறங்கிவிடும். வடிவத்தைப் பார்க்காமல் புள்ளிகளை வைத்தே இது பீப்பாய், இது சுருள் என்று சொல்லிவிடலாம்.

பாடத்திட்டங்கள் பெரும்பாலும் வரிசை ஒப்பீட்டில், அதாவது ‘பிளாஸ்ட்’டில் தொடங்குகின்றன. பொத்தானை அழுத்தினால் விடை வருகிறது, பிள்ளைகளுக்கும் உற்சாகம். ஆனால் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க இந்தச் சதுரத்தைப் போல் வேறொன்று இல்லை என்பது என் கட்சி. புரதக் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு வரி. அணு எங்கே நிற்கிறது என்று சொல்லும் மூன்று எண்கள் அதில் உண்டு: 31ஆம் இடத்திலிருந்து 38 வரை முதல் எண், 46 வரை இரண்டாவது, 54 வரை மூன்றாவது. இப்படி இடம் எண்ணி வைத்ததற்குக் காரணம், அந்தக் காலத்துத் துளை அட்டையில் 80 கட்டங்கள் இருந்தன. அட்டை போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கட்டம் போகவில்லை. இது தெரியாத மாணவர் இடைவெளியைப் பார்த்து எண்களைப் பிரித்துவிடுவார். பத்துக் கோப்பில் சரியாக ஓடும். பதினோராவதில் இரண்டு பெரிய எதிர்ம எண்கள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், நிரல் குப்புற விழும்.

நாலு நாலு அணுவாக எடுத்துத் திருகுகோணம் கணக்கிட வேண்டும். சிலர் பாகைக்குப் பதில் ரேடியனில் விட்டுவிடுவார்கள், எல்லாப் புள்ளியும் நடுவில் ஈமொய்த்தது போல் கூடும். சிலருக்குக் குறி மாறிவிடும். அப்போது நடப்பதுதான் அழகு: சுருளின் புள்ளிகள் முழுதும் வலப்பக்கத்துக்குப் போய் நிற்கும். இயற்கையின் வலக்கைச் சுருளெல்லாம் இடக்கைச் சுருளாகிவிட்டது என்று பொருள். ஆசிரியர் எதுவும் சொல்ல வேண்டாம், படமே பிழையைப் பிடித்துக்கொடுத்துவிடும். இன்னும் ஆசையிருப்பவர்கள் 1963ஐயே திரும்பச் செய்யலாம். பத்துப் பாகைக்கு ஒரு நிலை என்று வைத்தால் 36க்கு 36, மொத்தம் 1296. அணுத் தூரப் பட்டியலை வைத்து முட்டுவதை அடித்துக்கொண்டே போனால், மடிக்கணினியில் கண் இமைப்பதற்குள் தீவுகள் தோன்றும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, மேசை எந்திரத்தில் இதற்கு எத்தனை நாள் என்று யோசிக்கச் சொல்வது நல்லது.

படத்துக்கு இப்போது ஒரு புதுச் சங்கடம். ஒரு அமைப்பு சரியா என்பதற்கு இது நம்பத்தக்க சாட்சியாக இருந்ததற்குக் காரணம், அமைப்பைச் செப்பனிடும் நிரல்கள் இந்தக் கோணங்களைத் தொடாமல் விட்டிருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்காத சாட்சி. தரவு மங்கலாக இருக்கும்போது புள்ளிகளைத் தீவுக்குள் தள்ளிவிடும் வசதி இன்று நிரல்களிலேயே இருக்கிறது. தள்ளிவிட்டுச் சரியாக இருக்கிறதா என்று அதே படத்தைக் கேட்டால், இருக்கிறது என்றுதானே சொல்லும்? வரிசையை வைத்தே புரத வடிவத்தைக் கணிக்கும் ‘ஆல்ஃபாஃபோல்டு’ தரும் மாதிரிகளிலும் படம் சுத்தமாக வந்துவிடுவது வழக்கம். அதை வைத்து மாதிரி சரி என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

வெள்ளையில் ஒரு புள்ளி விழுந்தால் அதைத் தவறு என்று துடைக்கப் பார்க்கும் பழக்கமும் அப்படித்தான். வகுப்பில் ஒரு கோப்பைத் தருவேன் என்றால் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் தருவேன். நரம்பிலிருந்து வரும் செய்தியைத் துடைத்துச் சுத்தம் செய்யும் நொதி. மின்சாரத் திருக்கை மீனிலிருந்து எடுத்த அதன் அமைப்பை ஜோயல் சஸ்மன் குழு 1991இல் வெளியிட்டது. வைகைப் பாசன வயல்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பெயர் தெரியும். அந்த வகை மருந்துகள் போய்க் கட்டிப்போடுவது பூச்சியின் உடம்பிலுள்ள இந்த வகை நொதியைத்தான், கவனமில்லாவிட்டால் அடிக்கிறவர் உடம்பில் உள்ளதையும். கோணங்களைக் கணக்கிட்டுச் சதுரத்தில் போட்டால் கூட்டமெல்லாம் ஒழுங்காகத் தீவுகளில் இருக்க, வலப்பக்கம் கீழே ஒரு புள்ளி தனியாக நிற்கும். அதன் எண்ணைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். 200, செரீன். நொதி வேலை செய்வதும், மருந்தின் பாஸ்பரஸ் வந்து ஒட்டிக்கொள்வதும் அந்தச் செரீனில்தான். முறுக்கிவிட்ட கம்பி போல் இறுகிய திருப்பத்தில் அதை நிறுத்திவைத்திருக்கிறது புரதம்.