காகித ஆலைப் பெண்ணும் பரங்கிமலை கேடட்டும்

1982-ல் வந்த 'ஆன் ஆபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்' படத்தை முழுசாகப் பார்க்காதவர்கள்கூட அதன் கடைசிக் காட்சியை எங்காவது பார்த்திருப்பார்கள். காகித ஆலை. மெஷின் இரைச்சல். வெள்ளைச் சீருடை போட்ட கடற்படை அதிகாரி ஒருவன் உள்ளே நடந்து வருகிறான். வேலையில் இருக்கும் பெண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். கூட வேலை செய்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். ரிச்சர்ட் கியர், டெப்ரா விங்கர். இந்த முடிவு ரொம்ப இனிப்பாக இருக்கிறது என்று கியரே முதலில் தயங்கினார் என்பார்கள்.

ஒரு கேள்விதான் என்னை இந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. தூக்கிக்கொண்டு போனது ஒருத்தியை. கை தட்டிய மற்ற பெண்கள்? அவர்களுக்கு ஷிப்ட் இன்னும் முடியவில்லையே.

இதை நான் அமெரிக்கக் கதையாக மட்டும் பார்க்க முடியாததற்குக் காரணம் பூகோளம். படத்தில் பயிற்சி முகாமும் ஆலையும் ஒரே ஊரில் இருக்கின்றன. நம்ம பக்கத்தில் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். தெற்கே திரும்பினால் ஒரகடம். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற ரோடு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண்கள், கழுத்தில் ஐடி கார்டு, பாதித் தூக்கம். அகாடமியில் இருப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயசுதான்.

முதலில் பரங்கிமலையின் கதை. கம்பெனி காலத்திலேயே மதராஸ் பீரங்கிப் படையின் இருப்பிடம் அது. அமெரிக்கப் படத்தை எடுத்த வாஷிங்டன் மாநிலத்து போர்ட் டவுன்சென்ட் ஊரின் ஃபோர்ட் வொர்டனும் பழைய கடலோர பீரங்கிக் கோட்டைதான். அமெரிக்கக் கடற்படை ஒத்துழைக்க மறுத்ததால் நிஜப் பயிற்சித் தளத்தை விட்டுவிட்டு அங்கே போய் எடுத்தார்கள். நம்ம அகாடமி தொடங்கியதற்குக் காரணம் சீனப் போர். 1962-ல் அடி வாங்கியதும் அதிகாரிகள் பற்றாக்குறை பளிச்சென்று தெரிந்தது. டேராடூன் மாதிரி நிதானமாகப் பயிற்சி கொடுக்க நேரமில்லை. அவசர கமிஷன் கொடுப்பதற்காக 1963-ல் மதராஸில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி வந்தது. அவசரம் முடிந்த பிறகும் அது மூடப்படவில்லை. குறுகிய கால கமிஷனுக்கான பள்ளியாக மாறியது. 1988-ல் பெயர் 'அகாடமி' ஆனது.

குறுகிய கால கமிஷன் என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். இன்றைய கணக்கில் பயிற்சி 49 வாரம். பிறகு 10 வருஷம் சேவை. வேண்டுமானால் இன்னும் 4 வருஷம் நீட்டிப்பு. நிரந்தர கமிஷன் எல்லாருக்கும் கிடைக்காது. நம்ம காரிடார் மொழியில் சொன்னால் எல்லாரும் 'பர்மனென்ட்' கிடையாது. (ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்ட மாட்டேன். தோளில் நட்சத்திரம் வைத்து அனுப்புவதும், கான்ட்ராக்டர் வழியாக லைனில் நிறுத்துவதும் ஒன்றாகாது.) இந்தப் பள்ளியில் பயின்று வந்தவர்தான் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பரில் இலங்கையில் இறந்தார், பரம்வீர் சக்ரா பெற்றார். இன்று கேடட்கள் அணிவகுக்கும் மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

இப்போது படத்தின் தலைப்பிலுள்ள 'ஜென்டில்மேன்' என்ற சொல்லுக்கு வருவோம். பழைய ராணுவச் சட்ட மொழியிலிருந்து வந்த தொடர் அது: அதிகாரிக்கும் கனவானுக்கும் தகாத நடத்தை என்று ஒரு குற்றம். நம்ம ராணுவமும் அந்தச் சொல்லை நெடுங்காலம் விடவில்லை. பயிற்சியில் இருப்பவனை 'ஜென்டில்மேன் கேடட்', சுருக்கமாக ஜிசி என்று அழைத்து வந்தார்கள். 1992-ல் பரங்கிமலையில் இந்தச் சொல்லுக்குச் சிக்கல் வந்தது. அந்த வருஷம் 25 பெண்கள் பயிற்சிக்கு உள்ளே வந்தார்கள். அவர்களை ஜென்டில்மேன் என்று எப்படிக் கூப்பிடுவது? 'லேடி கேடட்' என்று புதுசாகப் பேர் வைத்தார்கள். முதல் எண் பிரியா ஜிங்கனுக்கு. பெண்களையும் சேருங்கள் என்று ராணுவத் தளபதிக்கே கடிதம் எழுதியவர் அவர். 1993 மார்ச்சில் அந்த அணி வெளியே வந்தது. அவர் காலாட்படைக்கு ஆசைப்பட்டார், கிடைத்தது சட்டப் பிரிவு. ஆரம்பத்தில் பெண்களுக்குச் சேவைக் காலம் 5 வருஷம்தான், அதுவும் சில பிரிவுகளில் மட்டும். நிரந்தர கமிஷனுக்காக நீதிமன்றம் ஏறி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2020 பிப்ரவரியில். பரங்கிமலையில் முதல் பெண் கால் வைத்து 28 வருஷம் கழித்து.

அமெரிக்கப் படத்திலும் பயிற்சியில் ஒரு பெண் இருக்கிறாள், கேஸி சீகர் என்று. பயிற்சிச் சுவரை ஏற முடியாமல் தவிப்பாள். நாயகன் தன் ரெக்கார்டை விட்டுக்கொடுத்து அவளை உற்சாகப்படுத்தி ஏற வைப்பான். படத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசிக் காட்சியைவிட இதுதான். இங்கே யாரும் யாரையும் தூக்கவில்லை. அவளே ஏறுகிறாள்.

மற்ற பெண்களுக்குப் படம் கொடுக்கும் இடம் வேறு. பயிற்சி சார்ஜென்ட் ஃபோலி (லூயிஸ் கோசெட் ஜூனியர், இந்த வேடத்துக்காகத் துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர்) முதல் நாளே எச்சரிக்கிறார்: இந்த ஊர் ஆலைப் பெண்கள் அதிகாரி மாப்பிள்ளை பிடிக்க அலைகிறார்கள், ஜாக்கிரதை. நாயகனின் நண்பன் சிட், ஒருத்திக்காகப் பயிற்சியை விட்டுவிட்டு மோதிரத்தோடு போகிறான். அதிகாரியாகாதவன் எனக்கு எதற்கு என்கிறாள் அவள். அவன் தற்கொலை செய்துகொள்கிறான். படம் அவளைக் கெட்டவளாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அவள் அம்மாவின் தலைமுறையும் அந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை. வெளியே போவதற்கு அந்த ஊர் அவளுக்கு விட்டுவைத்த ஒரே வழி கல்யாணம். தப்பு அவளுடையதா, ஊருடையதா?

நம்ம காரிடாரில் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே ஒரு பெண்ணுக்கு ஊரை விட்டு வெளியே போகும் வழியே ஃபேக்டரிதான். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துவிட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, முதல் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். பலருக்கு அது கல்யாணத்தைக் கொஞ்ச வருஷம் தள்ளிப்போடவும் உதவுகிறது. ஆனால் இந்தக் கதவிலும் ஒரு நிபந்தனை இருக்கிறதோ என்ற கேள்வி 2024 ஜூனில் வந்தது. ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அகாடமியிலும் கல்யாணமாகாதவர்கள்தான் சேரலாம், பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது. ஆனால் அது ஆண் பெண் இருவருக்கும், எழுத்தில், முன்கூட்டியே சொல்லப்பட்டது.

தமிழில் இந்த வகைப் படம் என்றால் 'அமரன்' (2024) தான் கிட்டே வருகிறது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கம், சிவகார்த்திகேயன், சாய் பல்லவி. மேஜர் முகுந்த் வரதராஜன் – இந்து ரெபேக்கா வர்கீஸ் நிஜக் கதை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பழக்கம், வீட்டு எதிர்ப்பு, அவர் பரங்கிமலையில் பயிற்சி, 2006-ல் ராஜ்புத் ரெஜிமென்டில் சேர்தல், 2009-ல் கல்யாணம். தாம்பரத்துக்கும் பரங்கிமலைக்கும் நடுவே மின்சார ரயிலில் சில ஸ்டேஷன்கள்தான், கதை அங்கேயே முளைத்திருக்கிறது. ஆனால் அமெரிக்கப் படத்தைப் போல இதன் எடை பயிற்சியில் இல்லை, அதற்குப் பிறகு வரும் காத்திருப்பில்தான் இருக்கிறது. இந்து சொல்லச் சொல்ல நகரும் படம். பாதிக் காதல் போனில்தான் நடக்கிறது.

அந்த வருஷங்களில் ஊரில் எல்லார் கையிலும் இருந்த போன் நோக்கியா. அது செய்யப்பட்டது ஸ்ரீபெரும்புதூரில். அந்த ஆலையும் 2006-லேயே ஓடத் தொடங்கியது. உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடி வேலையில், பெரும்பாலும் இளம் பெண்கள். 2010-ல் ஒரு பெண் தொழிலாளி மெஷினில் சிக்கி இறந்தார். பிறகு வருமான வரி வழக்கு வந்து ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. அந்தக் கைமாற்றம் நிறைவேறிய தேதி 2014 ஏப்ரல் 25.

முகுந்த் வரதராஜன் ஷோபியான் மாவட்டத்தில் துப்பாக்கிச் சண்டையில் இறந்த தேதியும் 2014 ஏப்ரல் 25.

தேதிகளை ஒரு பேப்பரில் எழுதி வைத்திருந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, தற்செயல். ஆனால் 2006-லிருந்து 2014 வரை ஒரே மாவட்டத்தின் இரண்டு ஓரங்களில் தொடங்கி முடிந்த இரண்டு கதைகள் இவை. ஒன்றுக்கு 2015 குடியரசு தினத்தில் அசோக சக்ரா கிடைத்தது. இந்து அதை வாங்கிக்கொண்டதை நாடே டிவியில் பார்த்தது. பிறகு சினிமா. இரண்டாவது கதையில் விருப்ப ஓய்வுப் பணம் வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. எட்டு வருஷ அனுபவத்தோடு, வயசு முப்பதை நெருங்க, வேறு லைனில் 'பிரெஷர்' ஆக நிற்க வேண்டிய நிலை. அவர்களைப் பற்றிப் படம் ஒன்றும் வரவில்லை.

2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் பெண்கள் நூற்றுக்கும் மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் இறந்துவிட்டதாக வதந்தி. ராத்திரி பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. தங்குமிடங்களின் லட்சணம் வெளியே தெரிந்தது அப்போதுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் சார்பில் 18,720 படுக்கைகளோடு ஹாஸ்டல் திறந்தார்கள். அந்தப் பெண்கள் ரோட்டில் உட்காராமல் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

போர்ட் டவுன்சென்டில் அந்தக் கோட்டை இப்போது பூங்கா, சினிமா எடுத்த இடம் என்று சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். பரங்கிமலையில் வருஷத்துக்கு இரண்டு அணிவகுப்பு நடக்கிறது. அம்மா அப்பாக்கள் வந்து பிள்ளைகளின் தோளில் நட்சத்திரம் வைக்கிறார்கள், மகள்களுக்கும்தான். நோக்கியா ஆலையை சால்காம்ப் வாங்கியது என்ற அறிவிப்பு 2019 நவம்பரில் வந்தது. போன் சார்ஜர் செய்கிற கம்பெனி. காலி கட்டடத்துக்கு மறுபடியும் லைன் வந்தது, வாசலில் கம்பெனி பஸ்ஸும்.