தலைவிதியும் சட்டவிதியும்

விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, தலையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவது. எழுதியவனைக் கண்டவர் இல்லை; எழுத்தைப் படித்தவரும் இல்லை. மற்றொன்று, மனிதர் கூடிப் பேசி, தாளில் எழுதி, தவறெனக் கண்டால் திருத்திக்கொள்வது. தாய் வேலைக்குச் சென்ற பின், தொட்டிலில் கிடக்கும் குழந்தை இவ்விரண்டில் எந்த விதியிடம் ஒப்படைக்கப்படுகிறது? அதுவே இங்கு நாம் கூற வந்த வரலாறு.

திருப்பூரின் லைன் வீடுகளைக் கண்டவர்க்கு இக்கேள்வியின் கூர்மை புரியும். காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழையும் தாய், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவாள். நம் வகுப்பில் ஒரு சிறுமி வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. காய்ச்சலோ என்று கேட்டோம். "இல்லைங்க, தம்பிப் பாப்பாவப் பாத்துக்கிட்டேனுங்க" என்றாள். பாட்டியோ தொலைவில், மழை பொய்த்த ஊரில். தந்தையை அழைத்துப் பேசினோம். "என்னங்க பண்றது, எங்க விதிங்க" என்றார். பத்து வயதுச் சிறுமியின் படிப்பும், பத்து மாதக் குழந்தையின் பாதுகாப்பும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன!

பஞ்சுத் தொழிலில் இக்கேள்வி புதிதன்று. 200 ஆண்டுகளுக்கு முன்னரே, ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவன் இதற்கு விடை கண்டார். 1816இல் தம் ஆலைத் தொழிலாளரின் மழலையர்க்கென அவர் திறந்த பள்ளியில், நடக்கத் தொடங்கிய குழந்தையும் இடம் பெற்றது. அடியில்லை, திட்டில்லை; பாட்டும் ஆட்டமும் உண்டு. மனிதனின் குணத்தைச் செதுக்குவது பிறவிப் பயனன்று, வளரும் சூழலே என்றார் அவர். மறு ஆண்டே மதங்களின் பிழைகளை இலண்டன் கூட்டத்தில் வெளிப்படையாகச் சாடினார் என்பதையும், தோழர்களே, போகிறபோக்கில் நினைவிற்கொள்க.

இங்கோ நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பம்பாய் ஆலைத் தாய்மார் பலர் குழந்தைக்கு அபினி புகட்டி உறங்க வைத்துவிட்டு வேலைக்குச் சென்றனர். கொடியவர்களா அவர்கள்? அல்லர். அழும் குழந்தையை அணைக்க நேரம் தராத தறிக்கு அடிமைப்பட்டவர்கள். 1929இல் விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் ஆணையம், 1931இல் தந்த அறிக்கையில், பெண்கள் மிகுந்த ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியின்போதே, 1934இல், ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைப்பேறே பெண்ணின் விடுதலைக்கு விலங்காகிறது என்று பெரியார் இடித்துரைத்த காலம் அது.

அதே 1934இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்குமாறு மாகாண அரசு விதி செய்ய'லாம்' என்றது. 'லாம்'! இரண்டே எழுத்து, முதலாளி நிம்மதியாக உறங்க அது போதும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவில்தான் அது 'வேண்டும்' ஆயிற்று. 14 ஆண்டுகள் பிடித்தன, ஒரு வினைமுற்றை மாற்ற.

அச்சட்டத்தின் வழிவந்த மாதிரி விதிகளைப் படித்துப் பாருங்கள், உள்ளம் குளிரும். ஒரு குழந்தைக்குக் குறைந்தது 20 சதுர அடி. கூரை 12 அடி உயரம். நாளொன்றுக்குக் கால் லிட்டர் தூய பால். புகையும் தூசும் இரைச்சலும் மிகுந்த பகுதிக்கு அருகே காப்பகம் கூடாது. பாலூட்டத் தாய்க்கு இடைவேளை. பிரம்மன் எழுதியதாகச் சொல்லப்படும் விதியில் எந்தக் குழந்தைக்காவது பால் அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா?

1976இல் 50 என்பது 30 ஆகக் குறைக்கப்பட்டது. நல்ல திருத்தந்தான். ஆயினும் திருப்பூரில் அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய் ஆனது ஏன்? பழைய பஞ்சாலை ஒரே மதிலுக்குள் நின்றது. தலைகளை எண்ணுவது எளிது. பனியன் தொழிலோ சிதறிக் கிடப்பது. துணி பின்னுவது ஓரிடம், சாயமிடுவது ஓரிடம், கட்டிங் ஓரிடம், தைப்பது ஓரிடம், கைமடிப்பதும் செக்கிங்கும் ஒரு சந்துக் கட்டடம். ஒரு பனியனைத் தொட்ட பெண்களைக் கூட்டினால் நூறு பேர் தேறுவர். ஒரு கூரையின்கீழ் எண்ணினால் இருபது பேர்தான். சட்டத்தை மீற வேண்டிய தேவையே எழவில்லை. சட்டம் தாய்மாரைக் கட்டடவாரியாக எண்ணியது. குழந்தைகளை எண்ணவே இல்லை.

2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் எண்ணும் முறையை மாற்றிற்று. ஆணும் பெண்ணுமாக 50 பணியாளர் இருந்தால் காப்பகம் கட்டாயம். தாய் நாளைக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று காணலாம். ஆணின் தலையும் கணக்கில் ஏறியதை நாம் வரவேற்கிறோம். குழந்தை தாய்க்கு மட்டும் பிறந்ததன்று. ஆனால், 2018இல் மைய அரசு தந்த வழிகாட்டு நெறிகள் ஒரு குழந்தைக்குக் கேட்டது 10 முதல் 12 சதுர அடி. நம் குழந்தைகள் சுருங்கிவிட்டனரா? 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புகளும் 50 என்ற எண்ணையே பற்றி நிற்கின்றன. 35 பெண்கள் மட்டுமே வேலை செய்யும் கம்பெனி, 48ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டிருந்தது. இனி அதற்கு அக்கடமை இல்லை.

அங்கன்வாடி இல்லையா என்பர். 1975இல் தொடங்கிய அத்திட்டம் சத்துணவும் முன்பருவக் கல்வியும் தந்த அரும்பணியை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாலைக்கு முன்பே பூட்டப்படும் கதவு, இரவு எட்டரைக்கு வரும் தாய்க்கு எங்ஙனம் உதவும்? கைக்குழந்தைக்கு அங்கே தொட்டிலும் இல்லை. அந்த இடைவெளியில் தனியார் மழலைக்கூடங்கள் முளைக்கின்றன. அவற்றின் படிக்கட்டையும் சமையற்கட்டையும் யார் பார்ப்பது? 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில், சமையற்கூடத்துத் தீ ஓலைக்கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னரே தமிழகமெங்கும் பள்ளிகளின் ஓலைக்கூரைகள் இறக்கப்பட்டன. அங்கும் சிலர் 'விதி' என்றனர்.

சிறு கம்பெனி காப்பகம் நடத்த முடியுமா என்று கேட்போர்க்குத் திருப்பூரே விடை வைத்திருக்கிறது. நொய்யலில் சாயநீர் கலந்த வழக்கில், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தனித்தனியே இயலாத பட்டறைக்காரர்கள் பங்குபோட்டு நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவுநீரை முற்றாக வெளியேற்றாத முறையில் மீண்டும் இயங்கத் தொடங்கின. பல நிறுவனங்கள் கூடிப் பொதுக் காப்பகம் நடத்தலாம் எனப் புதிய சட்டமும் இடமளிக்கிறது. சாயநீருக்குக் கூடியவர்கள் தொட்டிலுக்கும் கூடலாம். மாநில அரசு தன் விதிகளில் தெருவாரியாக, வட்டாரவாரியாகக் குழந்தைகளை எண்ணச் சொல்லட்டும். ஒன்றரை ஷிப்ட் முடியும்வரை கதவைத் திறந்து வைக்கச் சொல்லட்டும். ஆய்வாளர் வரும் நாளை வாயிலில் எழுதி ஒட்டச் சொல்லட்டும். அந்த 'சொல்லட்டும்' எப்போது 'வேண்டும்' ஆகும் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கும் இவ்வாரமும், நம் வருகைப் பதிவேட்டில் அச்சிறுமியின் பெயருக்கு நேரே இரண்டு நாள் காலியாகவே கிடக்கிறது.